ஏழாம் எண் வில்லை

பலகையில் ஏழாம் எண் வில்லை மட்டும் ஈரமாக இருந்தது.

மதகக்கா அதைக் கைத்துண்டால் துடைத்துவிட்டு மற்ற எட்டு வில்லைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன. விரலில் பித்தளை வாடைதான் ஒட்டியது. கூரை ஒழுகவில்லை, சன்னல் சாத்தியிருந்தது, மழை இன்னும் தொடங்கவே இல்லை. மூன்றரை மணிக்கே வானம் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட்டதால் மதகு அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். துண்டை முகர்ந்து பார்த்தாள். அழுகின இலையும் வண்டி எண்ணெயும் கலந்த வாடை. சுரங்கத்து வாடை.

அந்தப் பலகையில்தான் ஆட்களின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ‘உள்ளே’ என்று ஒரு வரிசை ஆணி, வலப்பக்கம் ‘வெளியே’ என்று ஒரு வரிசை ஆணி. மழைநீர்ச் சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் வில்லையைத் தன் கையாலேயே இடப்பக்கம் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே வலப்பக்கம் மாற்ற வேண்டும். இடப்பக்கம் ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் மதகுச் சக்கரத்தைத் தொடக்கூடாது. அடுத்தவர் வில்லையில் கை வைக்கவே கூடாது. பத்தொன்பது வருடமாக மதகைத் திறந்து மூடுகிறவள் அவள். கதவுக்கு எண்ணெய் போட அவ்வப்போது இறங்குவதால் அவளுக்கும் ஒரு வில்லை உண்டு, மூன்றாம் எண். அவளுக்கு யாரும் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாம் எண் தவளையினுடையது. சேற்றிலும் தண்ணீரிலும் அவ்வளவு சொகுசாக இருப்பான் என்பதால் ஆட்கள் வைத்த பேர். தவளை ஆறு வாரமாக வேலைக்கு வரவில்லை, அவன் வில்லையும் வலப்பக்கமே தொங்கிக்கொண்டிருந்தது. எவளோடோ ஓடிவிட்டான் என்று அலுவலகத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

இன்று காலையிலும் அவன் மனைவி கம்பி வேலிக்கு வெளியே வந்து நின்றாள். வாரம் தவறாமல் வருகிறாள். அழுகையெல்லாம் நின்றுபோய், இப்போது கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது.

“அக்கா, அன்னிக்கு ஏழாம் நம்பர் எந்தப் பக்கம் தொங்குச்சு? அதை மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்.”

“வெளியதாம்மா தொங்குச்சு.”

“ஓடிப்போற மனுஷன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துட்டுப் போவானா? என் பொண்ணு கேக்குது. நான் என்னன்னு சொல்லுவேன்?”

மதகக்கா வேலிக் கதவைச் சாத்தினாள். தவளையின் செருப்பு அவளுடைய அலமாரியில்தான் இருந்தது, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஆறு வாரமாக. அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதை அறைந்துதான் சாத்துவாள். யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்லுவாள். தன் பேரை மட்டும் அதில் சேர்க்க மாட்டாள்.

நாலு மணிக்கு மழை இறங்கியது. தகரக் கூரைமேல் முதலில் ஒன்றிரண்டு துளி, பிறகு காது அடைக்கிற அளவுக்கு. அவள் சன்னலைத் துடைத்துக் குளத்தைப் பார்த்தாள். கூரையில் விழும்வரை மழை சுத்தமாகத்தான் இருக்கிறது. தெருவில் இறங்கியதும் எண்ணெய், நாய்ப் பீ, பிளாஸ்டிக் பை, டயர் தேய்ந்த கரி, ஊர் கூட்டாமல் விட்ட குப்பை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு இந்தக் குளத்துக்கு வந்து சேருகிறது. முதல் ஒரு மணி நேரத்துத் தண்ணீர்தான் படுமோசம். அதை ஆறு மணி நேரம் குளத்தில் நிறுத்திக் கசடைத் தங்கவிட்டு, பிறகு மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிச் சுரங்கம் வழியாக ஆற்றுக்கு விட வேண்டும். தப்பி வருகிற மண்ணும் கல்லும் சுரங்கத்து நடுவில் இருக்கிற வண்டல் அறையில் விழுந்துவிடும். கனமான எதுவும் அந்த அறையைத் தாண்டிப் போகாது, அதற்காகவே கட்டியது. திட்டம் நல்ல திட்டம்தான். ஆறு மணி நேரம் காத்திருக்கத்தான் ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. நகராட்சி வாசலில் பெரியவர்களின் கணுக்கால் நனைந்தால் போதும், தொலைபேசி அலறிவிடும்.

அலறியது.

“என்னம்மா, மதகை ரெடியா வை. அரை மணி நேரத்துல திறக்கணும்.” பொறியாளர். ஆட்கள் அவருக்கு டிக் சார் என்று பேர் வைத்திருந்தார்கள். சரிபார்ப்புத் தாளில் ஒரு கட்டத்தையும் அவர் காலியாக விட்டதில்லை. தூர் வாரியாச்சா, டிக். மூடி பத்திரமா, டிக். மூடியைத் திறந்து பார்த்தால்தானே சார் தெரியும் என்று தவளை ஒருமுறை கேட்டதற்கு, அதற்குக் கட்டம் இல்லையே என்றாராம்.

“ஆறு மணி நேரம் நிக்கணும் சார்.”

“எனக்குப் பாடம் எடுக்காதம்மா. இங்க படிக்கட்டு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. நாளைக்குக் காலைல வண்டல் அறையை மூட கான்கிரீட் வண்டி வருது, அதுக்குள்ள சுரங்கத்தைக் கழுவி விட்டாகணும். பலகை என்ன சொல்லுது?”

அவள் கையில் ரிசீவரோடு திரும்பிப் பார்த்தாள்.

ஏழாம் எண் இடப்பக்கம் தொங்கியது. ‘உள்ளே’ வரிசையில். மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அங்கே ஏற்கனவே ஒரு கையகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது.

“என்னம்மா, காதுல விழலையா? பலகை?”

“அப்புறம் கூப்பிடுறேன் சார்” என்று வைத்துவிட்டாள்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அப்போதுதான் அந்த மணம் வந்தது. அழுகல் வாடையைக் கீறிக்கொண்டு, சுருக்கென்று, மூக்கு எரிய. தைலம். நாற்றம் தெரியாமல் இருக்க மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டுதான் தவளை எப்போதும் இறங்குவான். “அக்கா, உங்களுக்கும் கொஞ்சம்?” என்று டப்பாவை நீட்டுவான்.

ஓரடி பின்வாங்கினாள். அதற்கு மேல் கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அவளுக்குப் பழக்கம்.

“மறந்து தொலைக்கிறதே உனக்கு வேலையாப் போச்சுடா” என்று வில்லையைப் பார்த்துச் சொன்னாள். ஆறு வாரத்துக்கு முன்புவரை அடிக்கடி சொன்ன வார்த்தைதான். தவளை மறதிக்காரன். ஏறி வருவான், பூட்ஸைக் கழற்றுவான், எதையாவது பேசிச் சிரித்துக்கொண்டே போய்விடுவான். வில்லை இடப்பக்கமே தொங்கும். முதல் இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டினாள். மூன்றாவது தடவை அவளே மாற்றி மாட்டினாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. மறுநாள் வந்ததும், “மாத்திட்டேன்டா, தவளை” என்பாள். “உங்க புண்ணியம்க்கா, ஒருநாள் உங்களுக்கும் மாத்துறேன்” என்று கும்பிடுவான். சிரிப்பார்கள். விதியை மீறுகிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்பு என்றுதான் நினைத்தார்கள்.

தவளை கடைசியாக இறங்கிய அன்று, நகரத்துக்குப் பரிசு கொடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ‘தூய நீர் நகரம்’. அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, வண்டல் அறையில் அடைத்திருந்த குப்பையை எடுக்கச் சொல்லி டிக் சார் காலையில் தவளையை வாயால் அனுப்பினார், தாளில் அனுப்பவில்லை. மதியம் எதிர்பாராத மழை. பரிசு கொடுக்கிறவர்களின் வண்டி நிற்கிற தெருவில் தண்ணீர். டிக் சார் தானே ஓடிவந்து இதே அறையில் நின்று கத்தினார்: “திற!” அவள் பலகையைப் பார்த்தாள். ஏழு இடப்பக்கம். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. தவளை எப்போதோ ஏறி வந்திருப்பான், வழக்கம்போல மறந்திருப்பான். கை தானாகப் போனது. எடுத்தாள். வலப்பக்கம் மாட்டினாள். “எல்லாரும் வெளிய சார்” என்றாள்.

சக்கரத்தில் ஒன்பது பல் தாண்டியபோது கீழேயிருந்து சத்தம் கேட்டது. டங். டங். டங். சுரங்கத்துச் சுவரோடு ஓடுகிற இரும்புக் குழாயில் மூன்று அடி. ‘நான் வருகிறேன், திறக்காதே’ என்று அர்த்தம். அவள் நிறுத்தினாள்.

“ஏன்மா நின்னுட்ட?” என்றார் டிக் சார்.

கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மழையாகத்தான் இருக்கும்.

“ஒண்ணுமில்ல சார்” என்றாள். சுற்றினாள்.

ஆற்றோரத்துக் கம்பி வலையில் மறுநாள் அவளே போய்ப் பார்த்தாள். இலை, பிளாஸ்டிக், ஒரு குழந்தையின் பந்து. தவளை இல்லை. கனமான எதுவும் வண்டல் அறையைத் தாண்டாது. அவளுக்குத் தெரியும், டிக் சாருக்கும் தெரியும். தவளை அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று அவர் எழுதினார். பலகையில் ‘உள்ளே’ வரிசை காலியாக இருந்தது என்று அவள் கையெழுத்துப் போட்டாள். பரிசுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு இந்த அறைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்கள், பலகைக்கு நேர் எதிரே.

டங்.

அவள் அசையாமல் நின்றாள்.

டங். டங்.

இந்த முறை மழை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. தரைக்கு அடியில், சக்கரத்தின் தண்டு இறங்குகிற ஓட்டை வழியாக, நிதானமாக, தெளிவாக வந்தது. தொலைபேசி மறுபடியும் அலறியது. எடுத்தாள்.

“என்னம்மா விளையாடுறியா? பலகை காலிதானே? திற!”

“காலி இல்ல சார். ஏழு உள்ள தொங்குது.”

“யாரு அதை மாட்டினது?”

“அவன்தான். வேற யாரு மாட்டுவா?”

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. எடுத்து வலப்பக்கம் மாட்டு.”

“மாட்ட மாட்டேன்.” அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. “ஒரு தடவை மாட்டினேன், போதும். நாளைக்குக் கான்கிரீட் ஊத்தி மூடிடலாம்னு பார்க்குறீங்களா? அவன் பொண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்குறா சார், நீங்க வந்து சொல்றீங்களா பதில்? உங்க பரிசும் நீங்களும்! நான் கீழ போறேன். அவனை வெளிய கொண்டு வரேன்.”

“ஏய், நான் இப்பவே வரேன். வந்து பலகையைப் பார்த்துட்டு நானே திறக்குறேன்.”

“வாங்க. நல்லாப் பாருங்க. என் வில்லையும் அதுல தொங்கும். ரெண்டு பேர் உள்ள இருக்கும்போது எப்படித் திறக்குறீங்கன்னு பார்க்குறேன்.”

ரிசீவரை அறைந்து வைத்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது. பூட்ஸ் மாட்டினாள், தலைக்கவசம், கைவிளக்கு, மண்வெட்டி. மூன்றாம் எண் வில்லையைத் தன் கையால் எடுத்து, இடப்பக்கம், ஏழுக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஆணியில் ஆழமாகத் தள்ளி, இழுத்தும் பார்த்தாள். டிக் சார் எதில் வேண்டுமானாலும் பொய் எழுதுவார். ஆனால் தொங்குகிற வில்லையைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சக்கரத்தைத் தொடுகிற தைரியம் அவருக்குக் கிடையாது. அது மட்டும் நிச்சயம். கதவைத் தாழ் நீக்கி, அவர் வர வாகாகத் திறந்தே வைத்தாள்.

அறைக்குப் பின்னால் இருந்த சுரங்க மூடியைத் தூக்கி ஏணியில் இறங்கினாள்.

கீழே மழைச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. மதகு மூடியிருக்கும்வரை சுரங்கத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. கதவின் கீழ்விளிம்பில் கசிகிற நீர் மட்டும் மெல்லிய கோடாக ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அந்த இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் குளம் முழுக்க ஊரின் அழுக்கு. கதவு லேசாக முனகியது. அவள் இடக்கையால் சுவரோரக் குழாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விளக்கு வெளிச்சம் பாசி படிந்த செங்கலில் வழுக்கிக்கொண்டே முன்னால் போனது. ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் சேற்றில் பதிந்து உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தது. இருபது அடி. முப்பது. தைல மணம் கூடிக்கொண்டே வந்தது.

ஒரு இடத்தில் நின்றாள். நின்ற பிறகும் ஒரு பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு அடி. பிறகு இல்லை.

“தவளை?” என்றாள். சுரங்கம் அந்தப் பேரை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனது. திரும்பி வரவில்லை.

அறுபதாவது அடியில் இடப்பக்கம் சுவர் விலகியது. வண்டல் அறை. கரிய சேறு, மட்டமாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். கனமானதெல்லாம் அடியில். குழாய் அந்த அறைக்குள்ளும் வளைந்து போய்ச் சேற்றில் முடிந்தது. அவள் விளக்கைக் குழாயோடு நகர்த்தினாள்.

குழாயை ஒரு கை பிடித்திருந்தது.

சேற்றுக்கு மேலே மணிக்கட்டு வரை. கறுத்து, தோல் சுருங்கி, விரல்கள் இறுகி. பக்கத்தில் ஒரு திருகுசாவி குழாயில் மாட்டித் தொங்கியது. அதை வைத்துத்தான் அடித்திருக்கிறான். அன்று. மூன்று தடவை.

அவள் மண்டியிட்டாள். அழுகை வரவில்லை. “வந்துட்டேன்டா” என்றாள். “பாவி, வந்துட்டேன். உன்னை மேல கொண்டு போறேன். உன் பொண்ணுக்குக் காட்டணும். அந்த டிக் கண்ணுல காட்டணும். என்னை ஜெயில்ல போடட்டும். நானே சொல்லுவேன், நான்தான் மாத்தினேன்னு.” ஆறு வாரமாக வாய்க்குள் அழுகிக் கிடந்தது அந்த ஒரு வாக்கியம். சொல்லிவிட்டாள்.

மண்வெட்டியைச் சேற்றில் இறக்கினாள். ஒரு வெட்டு. இரண்டு. மறுகை மேலே வந்தது. மூடிய கை. விரலிடுக்கில் ஏதோ மின்னியது.

பித்தளை.

ஏழாம் எண் என்றுதான் நினைத்தாள். இல்லையே, ஏழு மேலே தொங்குகிறது, அவள் கண்ணால் பார்த்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எளிதாகத் திறந்துகொண்டன. தருவதற்காகவே வைத்திருந்ததுபோல. வில்லையின்மேல் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

மூன்று.

அவளுடையது. ஆணியில் ஆழமாகத் தள்ளி, இழுத்துப் பார்த்து மாட்டியது.

தூரத்தில், மேலே, தண்டு ஓட்டை வழியாக ஒரு குரல். டிக் சார். அவரோடு வந்த யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நிம்மதியாக.

“பைத்தியக்காரி. சும்மா மிரட்டியிருக்கா. பாரு, பலகை காலி. எல்லாரும் வெளிய.”

கடக்.

சக்கரத்தின் முதல் பல்.

“சார்!” என்று கத்தினாள். “சார்! நான் உள்ள!” மழை. தகரக் கூரை. அந்தச் சத்தத்தில் என்ன கேட்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. கடக். கடக். கால் சேற்றில் புதைந்திருந்தது. இழுத்தாள். வரவில்லை. கடக். கதவின் அடியில் தண்ணீர் சீறத் தொடங்கியது. திருகுசாவியைப் பிடுங்கினாள். குழாயில் ஓங்கி அடித்தாள்.

டங். டங். டங்.

சக்கரம் நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேலே அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. கை சக்கரத்தில். கண் பலகையில். இன்னொரு குரல் கேட்டது: “ஏன் சார் நின்னுட்டீங்க?”

கேட்டுவிட்டார். கேட்டுவிட்டார். கேட்டு—

“ஒண்ணுமில்லப்பா.”

கடக். கடக். கடக்.

கழுத்துக்குப் பின்னால் தைல மணம். மிக அருகில். குரலில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. கொஞ்சம் ஈரம் மட்டும் கூடியிருந்தது.

“மாத்திட்டேன்க்கா.”

கதவு தூக்கிய இடைவெளியில் ஊரின் தண்ணீர் கறுப்பாக எழுந்து வந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியில் விரித்துக் கிடந்த அந்த விரல்கள், வில்லையோடு சேர்த்து அவள் கையையும், மெதுவாக மூடிக்கொண்டன.